கணவாய் மையும் தேர்தல் மையும்

புதிதாகத் தேர்தல் கடமைக்குப் போகிறவர்களுக்குப் புத்தளம் கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஓய்வுபெற்றவர்களில் இன்னும் மாடிப்படி ஏறக்கூடியவள் என்ற தகுதியில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தேநீர் இடைவேளையில் அர்ஷாத் என்ற இளம் உத்தியோகத்தர் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"மிஸ், குறை நினைக்க வேணாம். ஜனாதிபதித் தேர்தல் முடிய பாராளுமன்றத் தேர்தல், அது முடிய பிரதேச சபைத் தேர்தல். இப்பிடி ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வச்சா நாங்க எப்ப வேல செய்ற? பத்து வருசத்துக்கு ஒருக்கா பாராளுமன்றத்துக்குப் போட்டாப் போதாதா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அன்று வரவில்லை. பிள்ளை கேட்டது நானே வருடக்கணக்காக என்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வி. அங்கே தேநீர் ஆறுவதற்குள் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வந்தேன். ஒழுங்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் முதலாவது தேர்தல் கடமையே ஒரு வேடிக்கை. பாராளுமன்றத் தேர்தல் ஒன்றை நடத்தாமல் விடலாமா என்று சனங்களிடம் கேட்பதற்கான வாக்கெடுப்பு அது. இருக்கிற பாராளுமன்றத்தின் ஆயுளை அப்படியே இன்னொரு தவணைக்கு நீட்டலாமா? ஓம் என்றால் விளக்கு, இல்லையென்றால் குடம். கச்சேரியில் எழுதுவினைஞராகச் சேர்ந்த புதிது எனக்கு. வாப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். கடமைக்குப் புறப்பட்ட என்னை வாசலில் மறித்துவிட்டார்.

"மகள், கங்காணி ஒருத்தன், தன்ன மாத்தவேணாமெண்டு எங்ககிட்டயே வந்து கேக்குறான். அவன் நல்ல கங்காணியா இருந்தா என்னத்துக்குப் பயப்புடுறான்?"

"வாப்பா, நான் அரசாங்க உத்தியோகத்தர். எனக்கிட்ட இதெல்லாம் கதைக்கப்படாது."

"அப்ப கதைக்கல்ல. யோசிச்சுக்கிட்டுப் போங்க."

யோசித்துக்கொண்டுதான் போனேன். அந்தப் பாராளுமன்றம் நீடித்தது. குமரியாக வேலைக்குச் சேர்ந்த நான் கலியாணம் முடித்து, இரண்டு பிள்ளை பெற்று, மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதும் அதே பாராளுமன்றம்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு விடுப்புப் புத்தி, எதையும் துருவிக் கேட்கிற புத்தி, பிடித்தது. ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? இதைக் கவனிப்பது பிறகு என் பழக்கமாகவே போய்விட்டது.

தேர்தல் கடமைக்குப் போகிற எங்களுக்குத் தபால்மூல வாக்கு. விரலில் மை பூசமாட்டார்கள். ஆகவே என் வீட்டுக்காரரின் இடது கைச் சின்ன விரல்தான் எனது ஆய்வுகூடம். அவர் பள்ளிக்கூட வாத்தியார், பொறுமைசாலி. தேர்தல் முடிந்த மறுநாள் அவரைக் குசினியில் இருத்திப் புளிக்கிற தேசிக்காய்ச் சாறு தேய்ப்பேன், சாம்பல் தேய்ப்பேன், மண்ணெண்ணெய் தேய்ப்பேன். தோலில் உள்ளது கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து போகும். நகத்தில் ஏறியது அசையாது. மை நகத்துக்கு மேலே நிற்பதில்லை, அதற்குள்ளே இறங்கிவிடுகிறது. நகம் வளர வளரக் கறுப்பு மேலே ஏறும். கடைசியில் நகம் வெட்டும்போது அதுவும் சேர்ந்து விழும்.

"ஒங்கட எம்.பி.மாருக்கும் இதே கணக்குத்தான்" என்று அவர் விரலை இழுத்துக்கொள்வார். "நகத்துல மை நிக்கிற வரைக்கும் எங்கட பேர் ஞாபகம் இரிக்கும். மை போச்செண்டா ஆளும் போச்சு."

பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் கச்சேரி முன் மேசையில் இருந்த நான் அதைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். தேர்தல் முடிந்த கையோடு வருகிறவர்களுக்கு உறுப்பினரின் ஆட்கள் தொலைபேசியிலேயே காரியம் முடித்துக் கொடுப்பார்கள். பிறகு "சேர் கூட்டத்தில்", பிறகு "சேர் கொழும்பில்", பிறகு மணி அடித்தபடியே இருக்கும். எந்தக் கட்சி என்றில்லை, எல்லாரும் அப்படித்தான். அடுத்த தேர்தல் வரும் என்ற கதை கிளம்பியவுடன் அதே தொலைபேசியை முதல் மணியிலேயே எடுப்பார்கள். நல்லவர் கெட்டவர் என்று நான் நினைத்திருந்த வித்தியாசத்தைவிடத் தேர்தல் கிட்டவா தூரவா என்ற வித்தியாசம்தான் பெரிதாக இருந்தது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு உண்மையில் ஆச்சரியமாக இருந்தது.

எனக்குத் தேர்தல் வேலை பழக்கியவர் ரத்நாயக்க மாத்தயா. கச்சேரியில் தேர்தல் கடமைக்காரர்களைப் பயிற்றும் பொறுப்பு அவருடையது. ஒல்லியான சிங்கள மனிதர். தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார், ஆனால் ஒரு சொல்லும் வீணாகாது. சுற்றுநிருபத்தை வாசித்துக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. வகுப்பில் கதிரை மேசைகளை இழுத்துப் போட்டு வாக்குச்சாவடி அமைப்பார். தானே குடிகாரனாக வருவார், கண் தெரியாத ஆளாக வருவார், சண்டைக்கார முகவராக வருவார். குடிகாரனாக வந்து ஒருமுறை என் மேசையிலேயே தலை வைத்துப் படுத்துவிட்டார். நாங்கள் சமாளிக்கும்வரை எழும்பவே இல்லை.

வெறும் பெட்டியைக் காட்டுவது அவருக்கு ஒரு தொழுகை போல. வாக்களிப்புத் தொடங்குமுன் பெட்டி வெறுமையாக இருப்பதைக் கட்சி முகவர்களுக்குக் காட்டவேண்டும் என்பது விதி. நாங்கள் பெட்டியைச் சரித்துக் காட்டுவோம். அவருக்கு அது போதாது.

"மிஸ், கண்ணால் பாத்தா காணாது. கை போடு. உங்க கை போட்டுட்டு, அவன்ட கையும் போடச் சொல்லு. சந்தேகம் அவன்ட, அப்ப கையும் அவன்ட."

இன்னொரு பழக்கமும் அவர் பழக்கியதுதான். தலைமைதாங்கும் அலுவலரின் மேசைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வெறுங்கதிரை கிடக்கவேண்டும். யாராவது ஒரு வாக்காளரில் சந்தேகம் வந்தால் அவரை அதில் இருத்தவேண்டும். வரிசை தன்பாட்டில் போகட்டும், ஆள் மட்டும் போகக்கூடாது.

"'போயிட்டு நாளைக்கு வா' கச்சேரில சொல்ல ஏலும். வாக்குச்சாவடில நாளைக்கு இல்ல. சந்தேகம் வந்தா அதுக்குக் கதிர குடு. ஹரித?"

"ஹரி சேர், சரி" என்போம். அந்தக் கதிரை எனக்கு என்றைக்குத் தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

பல வருடங்கள் கழித்து ஒரு பாராளுமன்றத் தேர்தல். அதற்கு முந்திய பாராளுமன்றம் தன் காலத்தை முழுசாக ஓட்டி முடித்திருந்தது. கற்பிட்டிக்குப் போகும் வழியில், கடல்நீர் தேங்கும் களப்பின் ஓரத்துக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்துக்கு நான் தலைமைதாங்கும் அலுவலர். ஒரு பக்கம் வெங்காயத் தோட்டம், மறுபக்கம் மீனை வெட்டிக் காயவைக்கும் வாடிகள். கணவாய் மீன் வலையில் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த காலம். வாடிகளில் பெண்கள் விடியமுந்தியே கணவாய் வெட்டிவிட்டுத்தான் வாக்களிக்க வந்தார்கள். கணவாயின் மைப் பை உடைந்தால் கை முழுக்கக் கறுப்பாகும், சவர்க்காரத்துக்கும் இலேசில் போகாது. காலை முழுவதும் கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். முகவர்களுக்கும் அது பழகிப்போன காட்சிதான், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பகல் ஏறியபோது றஹ்மத்தும்மா வந்தார். ஐம்பதைத் தொட்டிருக்கும், விதவை. விரல் பார்க்கும் அலுவலர் அவருடைய கையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், இதக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். இரண்டு கையும் ரேகை ரேகையாகக் கறுப்பு. இடது கைச் சின்ன விரல் மட்டும் உரித்த இறாலைப் போலச் சிவந்து கிடந்தது. தோல் வழன்றிருந்தது. நகத்தின் ஓரத்தில் மாத்திரம் கறுப்புக் கோடு.

ஒருமுறை வாக்களித்துவிட்டு மையை அழித்துக்கொண்டு திரும்ப வருகிறவர்கள் அந்த ஒரு விரலைத்தான் தேய்ப்பார்கள். வகுப்பில் நாங்கள் திருப்பித் திருப்பிப் படித்த அடையாளம் அதே மாதிரி முன்னால் நின்றது.

நான் வாய் திறக்குமுன் நிஸ்தார் எழும்பிவிட்டான். அந்தத் தொகுதியின் அப்போதைய உறுப்பினருடைய கட்சி முகவர் அவன். இருபது சொச்சம் வயது.

"ஆட்சேபனை மிஸ்! இவங்க ஒருக்கா போட்டுட்டு, விரலத் தேச்சுட்டு வந்தீக்கிறாங்க."

"டேய், ஒன்ட சாச்சிதானேடா!" என்றார் எதிர்க்கட்சி முகவர்.

"எலக்சன்ல சாச்சியும் இல்ல, மாமியும் இல்ல. எங்க உம்மாட பேரு அடுத்த சாவடியில இரிக்கு. உம்மா வெளிநாட்டுல. ரெண்டு பேருக்கும் ஒரே முகம். உம்மாட வாக்கப் போட்டுட்டு இப்ப தன்ட வாக்கப் போட வந்தீக்கிறாங்க."

சாவடி முழுக்கச் சத்தமானது. றஹ்மத்தும்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். தாய் வெளிநாடு போன நாளிலிருந்து அவனை வளர்த்தது இந்தச் சாச்சிதான் என்று எதிர்க்கட்சி முகவர் என் காதில் சொன்னார். எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் கேட்டதில் பிழை இல்லை. அந்த விரலைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

"ராத்தா, இந்தக் கதிரையில இரிங்க" என்றேன். வரிசை போகட்டும் என்று மற்ற அலுவலர்களுக்குக் கை காட்டினேன்.

"வேணாம் மிஸ். நான் ஊட்ட போய் வடிவாக் கழுவிட்டு வாரன்."

"போகப்படாது. இரிங்க."

இருந்தார். கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"ஏன் ராத்தா இந்த ஒரு விரல மட்டும் தேச்சீங்க?"

"போன எலக்சனுக்கு ஒரு தொர இந்த விரலப் பாத்துட்டு, 'என்ன இது ஊத்தை, கழுவிட்டு வரத் தெரியாதா' எண்டு எல்லாருக்கும் முன்னால ஏசினாரு. வெக்கமாப் பெய்த்து. அதுதான் இந்த விரலுக்கு மட்டும் சாம்பலும் தேசிக்காயும் போட்டு உரஞ்சினன். மத்த விரல ஆரு பாக்கப்போறா?"

மரியாதைக்காகச் செய்த காரியம் களவுக்கு அடையாளமாக வந்து நின்றது. நான் அவரை நம்பினேன். ஆனால் நான் நம்புவது போதாதே. இரட்டை வாக்குக்குச் சீட்டுக் கொடுத்தாலும் பிழை, உண்மையான வாக்காளரைத் திருப்பி அனுப்பினாலும் பிழை. பூசப்பட்ட மை தேர்தல் மைதானா என்று தீர்மானிக்கவேண்டியவள் நான்.

"இவ்வளவு கஸ்டப்பட்டு இந்த வாக்கப் போடத்தான் வேணுமா ராத்தா?" என்று மெதுவாகக் கேட்டேன். அது நான் கேட்கவேண்டிய கேள்வி இல்லை. விடுப்புப் புத்தி விடவில்லை.

"மிஸ், எங்கட கெணறு உப்பாகிப் பெய்த்து. போன எலக்சனுக்கு வந்தவங்க குழாய் தாரம் எண்டாங்க. திரும்பி வந்தது இந்த எலக்சனுக்குத்தான். நடுவுல ஒரு ஆளிட நெழலையும் காணல்ல. நான் யாருக்குப் போடுறன் எண்டு செல்லமாட்டன்."

"செல்லவும் படாது."

"செல்லல்ல. ஆனா இண்டைக்கு உட்டா இனி எப்ப வருவாங்க? அதுவரைக்கும் உப்புத் தண்ணியையா குடிக்கிற?"

அவ்வளவுதான். வருடக்கணக்காக வாய் பொத்தி இருந்தவருக்குப் பேசக் கிடைத்த ஒரே நாள் அன்று. அதையும் நான் பறித்தால் அப்படியான அடுத்த நாள் எங்கோ தூரத்தில் இருந்தது.

ஜன்னலோரம் போய் மைக் குப்பியைத் திறந்து என் சின்ன விரல் நகத்தில் ஒரு கோடு பூசினேன். வெயிலில் பிடித்துக் காயவிட்டேன். ஒரு பேசினில் தண்ணீர், சவர்க்காரம், பள்ளிக்கூடக் காவலாளி வீட்டிலிருந்து பாதித் தேசிக்காய் கொண்டுவரச் சொன்னேன். எல்லா முகவர்களையும் கதிரையடிக்குக் கூப்பிட்டேன். முதலில் என் நகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் காட்டினேன். கோடு அப்படியே இருந்தது.

"இதுதான் தேர்தல் மை. நகத்துக்குள்ள எறங்கினா வெளிய வராது. இப்ப இவங்கட நகத்தக் கழுவிப் பாப்பம்."

"நீங்க கழுவினா நாங்க எப்பிடி நம்புற?" என்றான் நிஸ்தார்.

எனக்கு ரத்நாயக்க மாத்தயாவின் குரல் காதில் கேட்டது.

"சரி. சந்தேகம் ஆருட? ஒங்கட. அப்ப நீங்களே கழுவுங்க."

மற்ற முகவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்நியப் பெண்ணின் கையைத் தொடுவது அங்கே நடக்காத காரியம். அவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

"நிஸ்தார் தம்பி, இங்க இரிக்கிற ஆம்புளைகள்ல இந்தக் கையப் புடிக்க ஒங்களுக்கு மட்டும்தான் ஆகும். இவங்க ஒங்கட உம்மாட தங்கச்சி. வாங்க."

அவன் நகரவில்லை.

"ஆட்சேபிக்கத் தெரிஞ்சவருக்குக் கழுவத் தெரியாதா?" என்றேன் கொஞ்சம் சத்தமாக.

வந்தான். முழங்காலில் இருந்து சாச்சியின் கையைப் பிடித்தான். சவர்க்காரம் போட்டான். தேசிக்காய்ச் சாறு பட்டதும் வழன்ற தோல் எரிந்திருக்கவேண்டும், அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவன் கை நின்றுவிட்டது. "நோவுதா சாச்சி?" என்று அவன் கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

"கழுவு" என்றார் அவர்.

நக ஓரத்துக் கறுப்புக் கரைந்து தண்ணீரில் இறங்கியது. தண்ணீர் கலங்கியது. நகம் முழுவதும் வெளுப்பாக, கீறல் ஒன்றுகூட இல்லாமல் வந்தது. அதே பேசினுக்கு மேலே என் விரலை நீட்டினேன். என் நகம் கறுத்தே இருந்தது.

"கணவாய்தான் மிஸ்" என்றான் தலை குனிந்து.

"எல்லாருக்கும் கேக்கச் செல்லுங்க."

"கணவாய் மைதான். ஆட்சேபனை இல்ல."

"காலம்பற நீ சோத்தோட திண்டியே, அதே கணவாய்தான்டா" என்றார் றஹ்மத்தும்மா. சாவடி சிரித்தது. அவன் அழுதுவிடுவான் போல இருந்தது. எனக்கும்தான்.

புண்பட்ட விரலில் மை பூசவேண்டியதில்லை, வேறு விரலில் பூசலாம் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. "இவ்வளவு பாடுபட்ட விரல் மிஸ். இதுக்கே போடுங்க" என்று நீட்டினார். மை பட்டதும் "ஸ்ஸ்... அல்லாஹ்" என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு மட்டைத் தட்டிக்குப் பின்னால் போனார். வெகுநேரம் நின்றார். பெட்டியில் போட்டுவிட்டு என் மேசைக்குத் திரும்பி வந்தார்.

"மிஸ், அடுத்த எலக்சன் எப்ப?"

"இப்பதானே ராத்தா போட்டீங்க!"

"அதுதான் கேக்குறன். இதப் போட்டுட்டோம். இனிச் செய்றாங்களா இல்லையா எண்டு பாக்க அடுத்தது எப்ப எண்டு தெரியணுமே."

அந்தக் கேள்வியை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. நாங்கள் வாக்களிப்பை ஒரு நாள் வேலையாகவே படித்தோம். அவருக்கு அது ஒரு தவணை. இன்று கொடுத்ததை என்றைக்குத் திருப்பி எடுக்கலாம் என்பது தெரிந்தால்தான் கொடுத்ததற்கே அர்த்தம்.

வென்றவர் யார் என்று சொல்லமாட்டேன். அந்தக் கிராமத்தில் குழாய் உடனே வரவில்லை. ஆனால் ஒருவரும் எதிர்பாராமல் அந்தப் பாராளுமன்றம் காலம் முடியுமுன்னே கலைக்கப்பட்டது. கலைக்கப்படும் என்ற கதை அடிபட்ட வாரத்திலேயே களப்போரத்துக்குக் குழாய் ஏற்றிய லொறி வந்தது. பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற நான் அந்த லொறி கற்பிட்டிப் பக்கம் திரும்புவதைக் கண்டேன். பக்கத்தில் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ, நான் தனியாகச் சிரித்தேன். அதே ஆட்கள், அதே கிணறு, அதே உப்பு. மாறியது ஒன்றே ஒன்று, தேர்தல் கிட்ட வந்திருந்தது.

அர்ஷாத் தம்பி, செலவு இல்லையென்று நான் சொல்லவில்லை. எனக்கும் முதுகு உடைந்த வேலைதான் அது. நல்ல ஆட்களைத் தெரிவுசெய்தால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். நல்ல ஆளையும் நல்ல ஆளாக வைத்திருப்பது அவருடைய வேலை நிரந்தரமில்லை என்ற நினைப்புத்தான். பத்து வருடத்துக்கு ஒருக்கா என்றால் அது ஒருவருக்கும் நினைவிருக்காது. எங்கள் சுதந்திரத்துக்குக் காவல் என்று பெரிய பெரிய விடயங்களைச் சொல்கிறார்கள், அவையும் வேண்டும்தான். நான் என் கண்ணால் கண்ட காவல், குறித்த காலத்தில் தவறாமல் திரும்பி வருகிற அந்த ஒரு நாள்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, பிரதேச சபைத் தேர்தல் தள்ளித் தள்ளிப் போன காலம் ஒன்று வந்ததல்லவா? சபையும் இல்லை, உறுப்பினரும் இல்லை. அப்போது ஒரு நாள் றஹ்மத்தும்மா புத்தளத்தில் என் வீட்டைத் தேடி வந்தார். நிஸ்தார்தான் ஓட்டோவில் கூட்டி வந்தான். அவனுக்கு இப்போது தாடியும் இரண்டு பிள்ளைகளும். சாச்சியைக் கைபிடித்து இறக்கிவிட்டான். குழாயில் தண்ணீர் நின்று பலநாள் ஆகிறதாம். மோட்டர் பழுது. யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்கத்தான் வந்தார்கள். எனக்கும் தெரியவில்லை. கச்சேரியில் பழைய ஆட்கள் இரண்டு பேருக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"இப்பவும் கணவாய் வெட்டுறீங்களா ராத்தா?" என்றேன், பேச்சை மாற்ற.

"இல்ல மிஸ், கண் தெரியிதில்ல." இடது கையை நீட்டி, சின்ன விரலை மட்டும் பிரித்துக் காட்டினார். "பாருங்க, இப்ப உரஞ்சத் தேவையே இல்ல. கனகாலமா சுத்தமாத்தான் இரிக்கு. இந்த விரலப் பாத்து இனி ஆரு மிஸ் பயப்புடப்போறா?"